கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம் போனால் கீழாநெல்லி தேடாதீர்கள்

இந்த வருடத்தில் இது நான்காவது ஆள். முதல் மூன்று பேருக்கும் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினேன். நான்காவது ஆளும் அதே கதையோடு வந்து நின்றபோது, இனி எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓபி முடியப் போகிற நேரம். ஒரு அம்மா மகனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பாதி பாட்டில் அளவுக்குக் கடுங்காப்பி. காப்பி அல்ல என்பது மூடியைத் திறக்காமலே தெரிந்தது.

“காலைல புடிச்சதுங்க டாக்டரம்மா. மஞ்சக்காமாலைங்க. மூணு நாளா கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுக்கறனுங்க. உப்பு, எண்ணெய் எல்லாம் நிறுத்தியாச்சு. இறங்கவே மாட்டேங்குதுங்க.”

பையனுக்கு 23 வயது. தறி ஓட்டுகிறவர். கண்ணை இழுத்துப் பார்த்தேன், பால்போல வெள்ளை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார முடியவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சரிந்தார். தொடையைத் தொட்டேன், உரலாட்டம் இறுகிக் கிடந்தது.

“தம்பி, புதுசா ஜிம்முக்குப் போனீங்களா?”

அவர் வாயைத் திறக்குமுன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஜிம்முக்குப் போறது நல்ல பழக்கந்தானுங்களே? குடி, கிடி ஒண்ணும் கிடையாதுங்க எம்பையனுக்கு.”

நல்ல பழக்கம்தான். சர்க்கரைக்காரர்களை நடங்கள், எடை தூக்குங்கள் என்று திட்டித் திட்டி அனுப்புகிறவள் நான். காசு அதிகம் கேட்காத பொது உடற்பயிற்சிக் கூடம் ஊருக்கு ஒன்று இருந்தால் என் ஓபியில் பாதிக் கூட்டம் குறையும். எனவே ஜிம் நடத்துகிறவர்கள் பாதியில் மூடிவிட்டுப் போக வேண்டாம், கடைசி வரை படியுங்கள்.

பூங்காவை ஒட்டிய அந்தக் கூடத்தில் இந்தத் தம்பி சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அங்கே புதிதாக வருகிறவருக்கு ஒரு வரவேற்பு உண்டாம். மூத்த உறுப்பினர்கள் சுற்றி நின்று எண்ண, 200 ஸ்குவாட். “நூறு முடிஞ்சப்பவே காலு நடுங்குச்சுங்க மேடம். எல்லாரும் கைதட்டுனாங்க. விட மனசு வரல.” மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கியிருக்கிறார். வலித்தால்தான் உடம்பு ஏறும் என்று குழுவில் குரல் பதிவு போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மூத்திரம் நிறம் மாறியது.

ரத்தத்தில் சிகே என்று ஒன்று பார்ப்போம். தசை உடைந்தால் வெளியே கொட்டுகிற நொதி அது. சாதாரணமாக 200க்குள் இருக்கும். இவருக்கு 92,000. சிறுநீரகம் தடுமாறினால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் 6.1. நான்கு முறை டயாலிசிஸ் செய்து, பதினாறு நாள் கழித்து வீட்டுக்குப் போனார்.

இதன் பெயர் ராப்டோமயோலிசிஸ். வாயில் நுழையாவிட்டால் ராப்டோ என்றால் போதும். பழக்கமில்லாத தசையை ஒரே நாளில் அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை உடைகிறது, அதிலிருக்கும் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, அவ்வளவுதான். இது ஜிம் காலத்து நோயும் அல்ல. 1941இல் லண்டனில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளுக்கடியில் கால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்ட பிறகும், சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் அப்படி நான்கு பேரைப் பற்றி எழுதியதை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அங்கே சுவர் விழுந்து உடைந்த தசை, இங்கே கைதட்டலுக்கு உடைகிறது.

எனக்கு ஆத்திரம் வருவது ராப்டோ மேல் அல்ல, அந்த மூன்று நாள் மேல்.

மூத்திரம் கறுத்தால் மஞ்சள் காமாலை என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? காமாலையில் மூத்திரம் அடர்ந்த மஞ்சளாக, கடுகெண்ணெய் நிறத்தில், சில சமயம் இன்னும் கறுத்து வரும், சரி. ஆனால் அந்த அளவுக்கு மூத்திரத்தில் இறங்கிய மஞ்சள் கண்ணில் தெரியாமல் போகாது. பசி எடுக்காது, சோற்று வாசனை பட்டாலே குமட்டும். தொடை இரண்டும் வீங்கி, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல், கண் வெள்ளையாக இருந்துகொண்டு, தட்டுச் சோறு காலியாகிற மஞ்சள் காமாலையை நான் பார்த்ததில்லை. ஜிம்முக்குப் போன ஒரு வாரத்துக்குள் மூத்திரம் கறுத்தால் கல்லீரலை விட்டுவிடுங்கள், முதலில் தொடையைப் பாருங்கள்.

கீழாநெல்லிமேல் எனக்குப் பகை இல்லை. அதை வைத்துச் சென்னையில் செய்த ஹெபடைடிஸ் பி ஆய்வு ஒன்று 1988இல் லான்செட்டிலேயே வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கல்லீரலுக்கு அது நல்லதோ இல்லையோ, உடைந்த தொடைத் தசைக்கு அதனிடம் வேலை இல்லை. அது கெடுத்தது உடம்பை அல்ல, மூன்று நாளை. அந்த மூன்று நாளில் கை நரம்பில் சலைன் ஏறியிருந்தால் டயாலிசிஸ் பக்கமே போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இது எங்கள் மருத்துவ ஆட்களுக்கு: எஸ்ஜிஓடி என்ற நொதி கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது. லேபில் “லிவர் டெஸ்ட்” எடுத்தால் ராப்டோகாரருக்கு எஸ்ஜிஓடி எகிறிக் கிடக்கும், எஸ்ஜிபிடியும் ஏறியிருக்கும். அதைப் பார்த்ததும் காமாலை உறுதி என்று எழுதிவிடுகிறோம். காமாலையில் ஏறுகிற மஞ்சள் நிறமியான பிலிரூபின் எவ்வளவு என்று ஒரு வரி மேலே பார்த்தால் என்ன? இந்தத் தம்பிக்கு 0.8. அதேபோல் சிறுநீரில் நிறம் மாறிக் காட்டும் சோதனைக் குச்சியை விட்டால் ரத்தம் மூன்று பிளஸ் காட்டும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு ஒன்றுகூட இருக்காது. அந்த முரண்பாட்டைப் பார்த்து எங்கள் லேப் பெண் நேராக எனக்குப் போன் செய்தாள். அவளுக்கு அன்றைக்கு டீ நான் வாங்கிக்கொடுத்தேன்.

அடுத்த வாதம்: “உழைக்கிற உடம்புங்க, இவனுக்கு எப்படிங்க வரும்?” பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு முன்னால் நிற்கிற கால், 200 முறை உட்கார்ந்து எழும் கால் அல்ல. எந்த வேலைக்குப் பழகியதோ அதற்குத்தான் தசை பழகியிருக்கும். தண்டாலும் பஸ்கியும் கற்றுக்கொடுத்த பழைய வாத்தியார்கள் முதல் நாள் இருபது எண்ணிக்கையோடு போகச் சொல்வார்களாம். என் அப்பா சொல்லிக் கேட்டது. அவர்களுக்குச் சிகே தெரியாது, ஆனால் ஆளைத் தெரியும்.

புதிதாகச் சேர்கிறவர்களைவிட இன்னொரு கூட்டத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. முன்பு நன்றாகச் செய்துவிட்டு நான்கு மாதமோ எட்டு மாதமோ இடைவெளி விட்டவர்கள். பழைய எடை மனதில் இருக்கும், உடம்பில் இருக்காது. பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்த 31 வயதுப் பெண் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது, அவருக்குக் கை இரண்டும் மடங்கவில்லை, தலை வார முடியவில்லை. ஆனால் நிறம் மாறிய அன்றே வந்துவிட்டார். சிகே 40,000, கிரியாட்டினின் துளிகூட ஏறவில்லை. சலைன் மட்டும்தான், நான்காம் நாள் வீடு. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7 நிமிடத்தில் 1500 மீட்டர், பிறகு கயிறு ஏறுவது என்று பத்து நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள், அதுவும் மே மாத வெயிலில். ஆசிரியர்களே, 300 தோப்புக்கரணம் என்பது தண்டனை அல்ல, அதுவும் ஸ்குவாட்தான். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியவை. கொஞ்சம் அதட்டலாகவே சொல்கிறேன்.

முதல் வாரம் உங்களால் முடிந்ததில் பாதியோடு நிறுத்துங்கள். “இன்னும் பத்து போடலாம்” என்று தோன்றும்போது வீட்டுக்குப் போவதுதான் சரியான நேரம். காய்ச்சலோடு, பேதியோடு, முந்தின இரவுக் குடியோடு போகாதீர்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் மருத்துவரிடம் ஜிம்மில் சேர்ந்ததைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு என்னிடம் வந்தால் அதற்குத் தனியாகத் திட்டு உண்டு.

சாதாரண வலி எல்லோருக்கும் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். (அது லாக்டிக் அமிலம் தேங்குவதால் அல்ல, அது உடற்பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். பயிற்சியாளர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.) தசை வீங்கி இறுகினாலோ, கை கால் மடக்கி நீட்ட முடியாமல் போனாலோ, மூத்திரம் கறுத்தாலோ, அளவு குறைந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. வீங்கிய இடம் மரத்துப்போனால் அன்றைக்கே என்பதும் தாமதம், உடனே. கறுத்த மூத்திரம் மறுநாள் தெளிந்துவிட்டது என்று திரும்பிப் போய்விடாதீர்கள். நிறமி சில மணி நேரத்தில் போய்விடும், சிகே அதற்குப் பிறகும் ஏறும்.

வலி ஊசி வேண்டாம். தசை உடைந்திருக்கும் நேரத்தில் போடுகிற டைக்ளோஃபெனாக், தடுமாறுகிற சிறுநீரகத்தை இன்னும் தள்ளிவிடும். ஊசி போடச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களிடம் இதற்குமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சூடு என்று இளநீராகக் குடிக்காதீர்கள். மற்ற நாளில் அமிர்தம்தான். உடைந்த தசையிலிருந்து ஏற்கெனவே பொட்டாசியம் கொட்டிக்கொண்டிருக்கிறது, மூத்திரம் குறைந்தவருக்கு இளநீரும் அதையே சேர்க்கும். பொட்டாசியம் ஏறினால் நிற்பது இதயம். தண்ணீர் குடித்துக்கொண்டே கிளம்புங்கள்.

மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமே “ஜிம்முக்குப் போனேன்” என்று இருக்கட்டும். அவமானம் ஒன்றும் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்கிற யாரும் நாளைக் காலை சிகே பார்க்க லேபுக்கு ஓட வேண்டாம். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அது ஆயிரத்துக்கு மேல்கூடப் போய் வரும், எண்ணைப் பார்த்துப் பயந்துகொண்டு வராதீர்கள்.

அந்தக் கூடத்தின் பயிற்சியாளரை வரச் சொல்லியிருந்தேன். சண்டை போடத்தான். வந்தவருக்கு 26 வயது இருக்கும், சம்பளம் கிடையாது, ஆர்வத்தில் செய்கிறார். டயாலிசிஸ் அறைக் கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். தயாராக வைத்திருந்த திட்டெல்லாம் மறந்துபோனது. வரவேற்பு இப்போது அங்கே இல்லை. கைதட்டல் உண்டு, இருபதுக்கு.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். “மேடம், புதுப் பையன் ஒருத்தனுக்கு மூத்திரம் செவப்பாப் போகுதாம். அனுப்பட்டுங்களா?”

“அனுப்புங்க. பாட்டில்ல புடிச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

பையன் பாட்டிலோடு வந்தான். குச்சி விட்டோம், நிறம் மாறவில்லை. தொடையும் மெத்தென்று இருந்தது. சாயங்காலம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பயிற்சிக்கு முன்னால் பீட்ரூட் ஜூஸ், இரண்டு டம்ளர்.

பையன் சங்கடத்தில் நெளிந்தான். அவனிடம் காசு வாங்கவில்லை, பயிற்சியாளருக்கும் போன் போட்டு, அனுப்பியது சரிதான் என்று சொன்னேன்.