துடிப்பு மாத்திரை போடுகிறவர்களுக்குத் தைராய்டு டெஸ்ட் ஏன் அவசியம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வயதானவர்கள் என்னிடம் கொண்டுவரும் மருந்துப் பையில் அமியோடரோன் மாத்திரையை அடிக்கடி பார்க்கிறேன். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும்போது, குறிப்பாக இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், அதைச் சீராக்கக் கொடுப்பது. மதுரையிலோ சென்னையிலோ இதய மருத்துவர் தொடங்கி வைப்பார். அப்புறம் அதே சீட்டைக் காட்டி உள்ளூர் மருந்துக் கடையில் மாதாமாதம் வாங்கிக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தினமும் போனில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இதயத்துக்குக் கொடுக்கும் மருந்து கழுத்தில் இருக்கும் சுரப்பியை ஏன் தொட வேண்டும்? காரணம் அயோடின். அமியோடரோனின் எடையில் சுமார் 37 சதவீதம் அயோடின்தான். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலிருந்து தினமும் ஏறத்தாழ 6 மில்லிகிராம் அயோடின் ரத்தத்தில் கலக்கிறது. நம் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 150 மைக்ரோகிராம், அதாவது இதில் நாற்பதில் ஒரு பங்கு. "அயோடின் உப்பை நிறுத்திடவா டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். நிறுத்திப் பயனில்லை. மாத்திரை தரும் அளவை உப்பிலிருந்து பெற வேண்டுமானால் தினமும் ஏறக்குறைய 400 கிராம் உப்பு தின்ன வேண்டியிருக்கும்.

இந்த வெள்ளத்தைப் பெரும்பாலான தைராய்டுகள் சமாளித்துவிடும். சில சுரப்பிகள் மந்தமாகிவிடும், சில மிதமிஞ்சிச் சுரக்கும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் முன்பே உள்ளவர்களுக்கும் மந்தமாகும் வாய்ப்பு கூடுதல்.

மந்தமாவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அசதி, மலச்சிக்கல், குரல் கரகரப்பு, முகம் ஊதுவது, குளிர் தாங்காதது எல்லாமே மெதுவாக வரும். ஓர் ஆச்சியை மகன் அழைத்து வந்திருந்தார். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து விடுகிறாராம். "வயசாயிருச்சு டாக்டர், முன்ன மாதிரி முடியல" என்றார் மகன். "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, சும்மா அசதிதான்" என்றார் ஆச்சி. தைராய்டு மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தால் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். சில வாரங்களில் நடை திரும்பியது. அமியோடரோனை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு எளிதாகச் சரியாகக்கூடிய ஒன்றை வயதின் கணக்கில் எழுதிவிடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மிதமிஞ்சிச் சுரப்பது இதைவிட ஆபத்து. வழக்கமாகத் தைராய்டு கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அமியோடரோன் துடிப்பை அடக்கும் மருந்து என்பதால் அந்தப் படபடப்பை மறைத்துவிடலாம். எடை மட்டும் குறையும். வீட்டில் அதைச் சர்க்கரைக்கு நல்லது என்று நினைத்துச் சந்தோஷப்படுவதும் உண்டு. திடீரென்று ஒருநாள் பழைய ஒழுங்கற்ற துடிப்பு திரும்பும்.

இங்கேதான் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. சீராக இருந்த துடிப்பு மறுபடி கெட்டால், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன் தைராய்டைப் பார்க்க வேண்டும். தைராய்டு கூடினால் அதுவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கொண்டுவரும். மருந்தே கிளப்பிவிட்ட கோளாறுக்கு அதே மருந்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சுரப்பி அளவுக்கு மேல் உற்பத்தி செய்கிறது, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் கொடுப்போம். மற்றொன்றில் சுரப்பி புண்பட்டு, சேமித்ததைக் கசியவிடுகிறது, ஸ்டீராய்டு தேவைப்படும். சிலரிடம் இரண்டும் கலந்திருக்கும். எது என்று பிரித்தறிய ஹார்மோன் நிபுணரும் இதய மருத்துவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது.

ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் போடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமியோடரோன் அவற்றின் வீரியத்தைக் கூட்டும். தைராய்டு கூடினால் இன்னும் கூடும். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, அடிபடாமலே தோலில் நீலத் திட்டு தெரிந்தாலோ ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்டை உடனே பாருங்கள்.

மாத்திரை தொடங்கும் முன்பே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) இரண்டும் எடுத்து வைக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறித் தானாக இறங்குவது உண்டு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இந்த மாத்திரை கல்லீரலையும் தொடலாம் என்பதால் அதே நாளில் கல்லீரல் டெஸ்டும் எடுத்துவிடலாம். வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ புதிதாக வந்தால் நுரையீரலையும் பார்க்க வேண்டும். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு நம் ஊர் வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும், குடையோ முழுக்கைச் சட்டையோ நல்லது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஆபத்தான துடிப்புகளில் அது உயிரைக் காக்கும் மருந்து. நிறுத்தினாலும் உடனே உடம்பை விட்டுப் போகாது. கொழுப்பில் தங்கி, ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மருத்துவர் நிறுத்தச் சொல்லிப் பல மாதம் கழித்துத் தைராய்டு கூடியவர்களும் உண்டு. அதனால் நிறுத்திய தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி, அதிலிருந்து ஒரு வருடமாவது டெஸ்ட்டைத் தொடருங்கள்.