பேபி லெட் வீனிங்: பால நிறுத்துறது இல்லீங்க

கோலாலம்பூர்ல புதுசா அம்மாவானவங்க வாட்சப் குரூப்புல இப்ப எப்ப பாத்தாலும் பேபி லெட் வீனிங் பேச்சுதான், அதாவது ஆறு மாசத்துல கொழந்தையே சாப்பாட்ட கையால எடுத்து திங்க விடுற முறை, அத வீட்ல சொன்னா பாட்டி கேக்குற முதல் கேள்வி, "ஆறு மாசத்துலயே பால மறக்கடிக்கப் போறியாம்மா?" பாட்டி கேக்குறதுல தப்பே இல்ல, வீனிங்னா நாம எல்லாருமே பால் மறக்கடிக்கறதுன்னுதான் படிச்சிருக்கோம்.

ஆனா அந்தச் சொல்லு பழைய ஆங்கிலத்துல 'வெனியன்', பழக்குறதுன்னு அர்த்தம். பால நிறுத்துறதுங்கறது பின்னாடி வந்து சேந்தது. பிரிட்டன்ல வீனிங்னா சாப்பாடு ஆரம்பிக்கறது, அமெரிக்காவுல பெரும்பாலும் பால நிறுத்துறது. இந்தப் பேர பரப்புனவங்க இங்கிலாந்துல ஹெல்த் விசிட்டரா (வீடு தேடிப் போயி தாய் சேய் நலன பாக்குற நர்ஸா) இருந்த கில் ரேப்ளி, அவங்க எழுதுன புத்தகம் 2008ல வந்துச்சு, அதனால பிரிட்டன் அர்த்தத்ததான் எடுத்துக்கணும். தாய்ப்பால் அது பாட்டுக்கு தொடரணும், உலக சுகாதார நிறுவனமே 2 வயசு வரைக்கும் அதுக்கு மேலயும் குடுக்கலாம்னுதான் சொல்லுது.

அப்ப தமிழ்ல என்ன சொல்றது? கிளினிக்ல மலாய்ல மக்கானான் பெலெங்காப்னு சொல்றாங்கல்ல, அதுக்கு நம்மகிட்ட 'இணை உணவு' ஏற்கனவே இருக்கு. அதனால 'குழந்தை வழி இணை உணவு'ன்னா சரியா பொருந்தும், 'பால்மறப்பு' வேண்டவே வேண்டாம். புறநானூறு 188ல பாண்டியன் அறிவுடை நம்பி, சோத்த "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்" மேலெல்லாம் பூசிக்கிற பிள்ளைய பாடியிருக்காரு, எனக்கு இத விட நல்ல விளக்கம் தெரியல.

'லெட்', அதாவது பிள்ளையே வழிநடத்துறதுங்கறதுதான் முக்கியம். என்ன குடுக்கறதுன்னு நாம முடிவு பண்றோம், எவ்ளோ, எவ்ளோ வேகம்ங்கறது பிள்ளையோட முடிவு. ஆறு மாசக் கொழந்த முழு கையாலதான் பிடிக்கும், உள்ளங்கைக்குள்ள போனத எடுத்து திங்கத் தெரியாது, அதனால அவிச்ச கெலெடெக்க (சக்கரவள்ளிக் கிழங்க) விரல் நீளத்துக்கு வெட்டுனா முஷ்டிக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கற முனைய சப்பும். இட்லியும் அப்படித்தான். இரும்புச்சத்துக்கு முள்ளெடுத்த கெம்போங் மீனோ நல்லா வெந்த கோழியோ தினமும் இருக்கட்டும். தலைய திருப்பிக்கிச்சுன்னா முடிஞ்சது, "இன்னும் ஒரு வாய்"னு கெஞ்சக்கூடாது.

தலை நிக்காத, தாங்கல் குடுத்தும் உக்கார முடியாத பிள்ளைக்கு இது வேணாம். ஓங்கரிச்சா சத்தம் வரும், மொகம் செவக்கும், அதுவா சரியாகும். சத்தமே இல்லாம மூச்சு முட்டுனா அது அடைப்பு, உடனே முதலுதவி செய்யணும், அத முன்னாடியே கத்துக்கிட்டு ஆரம்பிங்க. முழு திராட்சை, கடலை, ஃபிஷ்பால் (மீன் உருண்டை) குடுக்காதீங்க, தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது.