விரிசல் விட்ட கார்பன் அம்பு முழுதாகத்தான் தெரியும்

கார்பன் அம்பு வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் நேர்த்தன்மை எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ±0.006 அங்குலம், ±0.003, ±0.001 என்று எண் சிறுக்கச் சிறுக்க விலை ஏறும். விலை ஏறினால் அம்பு கூடுதல் காலம் உழைக்கும் என்று நம்பி, இருப்பதிலேயே சிறிய எண்ணை எடுத்துக்கொண்டு போகிறார்கள். விற்பவர்களும் பெரும்பாலும் மறுத்துச் சொல்வதில்லை. வில்லையும் அம்பையும் பொருத்திச் சரிபார்த்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் நெடுநாள் மனக்குறை உண்டு. தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். எவ்வளவு அடி தாங்கும் என்பதை அது சொல்லாது. ஒரே முறையில் செய்த தண்டுகளை அளந்து தரம் பிரித்து வெவ்வேறு விலையில் விற்பதும் இந்தத் தொழிலில் வழக்கம்தான். 70 மீட்டரில் போட்டிக்கு நிற்பவருக்கு அந்த வேறுபாடு பயன்படலாம். 20 மீட்டரில் பழகுபவருக்கு ±0.006 தாராளம்.

அம்பு நீடித்து உழைக்குமா என்பதை வேறு சில விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, கார்பன் எப்படி உடைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அலுமினிய அம்பு பட்ட அடியை மறைக்காது. வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், மேசையில் உருட்டினால் தள்ளாடும். கார்பன் தண்டு வளைந்த நிலையில் நிற்பதே இல்லை. நேராக இருக்கும், இல்லையேல் முறியும். எபாக்சிப் பிசினில் தோய்ந்த கார்பன் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் இழுவையை அபாரமாகத் தாங்குகின்றன. குறுக்கே விழும் அடிக்கு அதே தண்டு மூங்கிலைப் போல நீளவாக்கில் பிளக்கும். இழைகளைச் சுற்றுவாக்கிலும் பின்னிய தண்டுகள் இந்தப் பிளவை ஓரளவு தடுக்கும். நீடித்து உழைக்கும் அம்பு வேண்டும் என்பவர் தயாரிப்பு விவரத்தில் தேட வேண்டிய முதல் செய்தி இதுதான்.

சிக்கல் என்னவென்றால், பிளவு உள்ளே தொடங்கி, வெளியே பளபளப்பு குலையாமல் சில காலம் ஓடும். நாணை விடும் கணத்தில் பின்னாலிருந்து வரும் விசையால் தண்டு வில்போல வளைந்து நிமிர்கிறது. நல்ல தண்டு அதைச் சிரமமின்றித் தாங்கும். பிளவு விட்ட தண்டு அந்தக் கணத்திலேயே, வில்லைப் பிடித்த கைக்கு மேலேயே சிதறக்கூடும். ஊசி போன்ற கார்பன் சிராய்கள் கட்டைவிரல் அடியிலும் முன்கையிலும் தைத்தால் எடுப்பது எளிதல்ல. அது அறுவைச் சிகிச்சை மருத்துவரின் வேலை.

அடுத்தது ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கவிட்டு, நடுவில் 1.94 பவுண்டு, சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தாழ்கிறதோ அதுதான் அளவு. அரை அங்குலம் தாழ்ந்தால் 500, 0.340 அங்குலம் தாழ்ந்தால் 340. எண் பெரிதானால் தண்டு எளிதில் வளையும். 'பெரிய எண், பலமான அம்பு' என்று தலைகீழாக எண்ணிக்கொண்டு, கனத்த வில்லுக்கு 500 எடுத்து வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். வில்லின் விசைக்கு ஈடுகொடுக்காத தண்டு ஒவ்வோர் எய்தலிலும் அளவுக்கு மீறி வளைகிறது; குறி தவறுவதோடு முறியும் வாய்ப்பும் கூடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இதில் தப்ப முடியாது.

தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்து ஸ்பைனைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதில் இட வேண்டிய எண்கள் உண்மையானவையாக இருக்க வேண்டும். நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லின் லிம்பில், அதாவது இழுக்கும்போது வளையும் கையில், எழுதியிருக்கும் இழுவிசை 28 அங்குல இழுப்புக்கானது. அதற்கு மேலோ கீழோ ஓர் அங்குலம் மாறினால் சுமார் 2 பவுண்டு மாறும். எனவே கொக்கித் தராசில் மாட்டி, எய்பவர் இழுக்கும் தூரம் வரை இழுத்து அளப்பதே சரி. தண்டு நீளமானாலும் முனை கனமானாலும் அம்பு விறைப்புக் குறைந்ததாகவே நடந்துகொள்ளும். 100 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு) முனையை 125 கிரெயினாக மாற்றுபவர் ஸ்பைனையும் மறுபடி பார்க்க வேண்டும். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு இரண்டு ஸ்பைன்களுக்கு நடுவே ஐயம் வந்தால், விறைப்பானதையே எடுக்கச் சொல்வேன்.

எடையும் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது. இழுவிசையில் பவுண்டுக்கு 5 கிரெயின் வீதம், முனை, நாக் (நாணில் மாட்டும் பின்நுனிக் கவ்வி), இறகு எல்லாம் சேர்ந்த முழு அம்பின் எடை இருக்க வேண்டும் என்பது பரவலான குறைந்தபட்ச வரம்பு. 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின், ஏறத்தாழ 19.4 கிராம். அதற்கும் கீழே போனால், அம்பே வைக்காமல் வெறும் நாணை விட்டதற்கு நெருக்கமான அதிர்ச்சி வில்லுக்குப் போகும். வேகத்தைக் காட்டி விற்கும் விளம்பரங்களில் இந்த வரி இருப்பதில்லை. வேட்டைக்குச் செல்பவர்கள் 400 கிரெயினையும் தாண்டிப் போவதற்குக் காரணம் உண்டு: கனமான அம்பு ஆழமாக ஊடுருவும், வில்லும் அமைதியாக இருக்கும், தண்டின் சுவரும் பெரும்பாலும் தடிமனாக இருக்கும்.

சுவர்த் தடிமனை யாரும் கேட்பதில்லை. ஒரே விறைப்புள்ள இரு தண்டுகளில் குறுகலானதற்குச் சுவர் தடிமனாக இருந்தாக வேண்டும். அகலமானது மெல்லிய சுவரோடே அந்த விறைப்பை எட்டிவிடும். உள்ளரங்கில் 18 மீட்டரில் கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி என்பதால் தடித்த தண்டுகளை விரும்புகிறார்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்பு தண்டுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 9.3 மில்லிமீட்டர். அந்தத் தண்டுகள் அந்த வேலைக்குப் பொருத்தமானவை, ஆனால் பக்கவாட்டு அடியை எளிதில் பொறுக்காது. வெளியரங்குக்கும் வேட்டைக்கும், காற்றில் குறைவாக விலகும் குறுகலான, தடித்த சுவருள்ள தண்டையே பரிந்துரைப்பேன்.

தண்டு நடுவில் முறிவதைவிட இரு நுனிகளில் கெடுவதே அதிகம். கல்லிலோ சட்டத்திலோ முனை மோதும்போது, அதைத் திருகிப் பொருத்தும் இன்செர்ட் பின்னோக்கித் தள்ளப்பட்டுத் தண்டின் வாயைப் பிளக்கிறது. வெளிப்புறமாக ஒரு சிறு அலுமினிய வளையம் போட்டால் இது வெகுவாகக் குறையும். செலவு சிறிது, பயன் பெரிது. பின்நுனியில், உலோக ஊசியின் மேல் அமரும் 'பின் நாக்' (pin nock) நல்லது. வேறோர் அம்பு வந்து மோதினால் அடியின் பெரும்பகுதியை நாக்கும் ஊசியும் வாங்கிக்கொள்ளும். நாக் வழக்கத்தைவிடத் தளர்ந்திருந்தால் நாக்கை மட்டும் மாற்றிவிட்டு நகராதீர்கள். அது அமரும் தண்டின் வாயில் பிளவு இருக்கிறதா பாருங்கள். பின்பகுதியில் நீளமாக ஒட்டும் வண்ண ஸ்டிக்கர் எனக்குப் பிடிக்காது. அழகாக இருக்கிறது, அடியில் இருக்கும் விரிசலையும் அழகாக மறைக்கிறது.

சோதனை ஒரு நிமிட வேலை. முதலில் நல்ல வெளிச்சத்தில் தண்டைச் சுழற்றிப் பாருங்கள். சிறு பஞ்சுத் துண்டை நீளவாக்கில் ஓட்டுங்கள். எழும்பிய இழை இருந்தால் பஞ்சு சிக்கும். வெறும் விரலால் தடவக் கூடாது. பிறகு இரு நுனிகளையும் பிடித்து, முகத்துக்கும் உடலுக்கும் எதிர்ப்புறமாக ஓரிரு அங்குலம் மெல்ல வளையுங்கள். சற்றுச் சுழற்றி மறுபடி வளைத்து, ஒரு முழுச் சுற்று முடியும்வரை இதைச் செய்யுங்கள். முறுக்கியும் பாருங்கள். மெல்லிய நொறுங்கல் சத்தம் கேட்டாலும், ஓரிடம் மட்டும் தளர்ந்து கொடுத்தாலும் அந்த அம்பின் கதை முடிந்தது. ஒட்டுப் போட்டுக் காப்பாற்றும் வழி கிடையாது. கடினமான எதிலாவது பட்ட அம்பையும், வேறோர் அம்பு உரசிய அம்பையும் நாணில் வைக்கும் முன்பே இப்படிப் பார்க்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைப்பது, சோதிக்காமலே இருப்பதற்குச் சமம்.

இலக்கிலிருந்து பிடுங்கும் முறையும் ஆயுளைக் குறைக்கிறது. ஒரு கையை இலக்கின்மேல் ஊன்றி, மறுகையால் தண்டை இலக்கை ஒட்டியே பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுபவர்கள் தாங்களே பிளவை உண்டாக்குகிறார்கள். தண்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வெட்டுவதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். குழாய் வெட்டியால் வெட்டினால் வாய் நசுங்கும். வேகமாகச் சுழலும் தேய்ப்புச் சக்கரம்தான் வேண்டும், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. முனையைக் கழற்ற வேண்டுமானால் உலோக முனையைச் சூடாக்குங்கள், தண்டை அல்ல. வெப்பம் மிகுந்தால் எபாக்சி இளகிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு நீளத்தைக் கூடுதலாகவே விடுங்கள். முழுதாக இழுத்த நிலையில், வில்லில் அம்பு தங்கும் ரெஸ்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கை நீண்டுவிட்ட பிள்ளை பழைய அம்பை இழுக்கும்போது அது ரெஸ்டிலிருந்து நழுவிப் பின்னால் விழுந்தால், பாயப்போவது அந்தப் பிள்ளையின் கையில்தான்.

வேட்டையைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் எய்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. விலங்கின் உடலுக்குள் கார்பன் தண்டு முறிந்தால் துண்டுகள் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, மீதியையும் கழுவிப் பார்த்த பிறகே சமைக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் இழைகள் தொண்டையிலும் குடலிலும் தைக்கும்.

கழித்துக் கட்டிய அம்பை முழுதாகக் குப்பையில் போடாதீர்கள். முனையையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு, தண்டில் தடித்த டேப்பைச் சுற்றி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து இரண்டாக முறித்துப் போடுங்கள். நன்றாகத் தெரியும் அம்பு கிடந்தால் யாரோ ஒருவர் அதை எடுத்து எய்து பார்ப்பார்.