ஜியோகேஷிங் – மறைபொதி தேடல்

ஒருவர் சிறிய பொதியொன்றை வெளியிடத்தில் மறைத்துவிட்டு அதன் ஆள்கூறுகளை, அதாவது புவியில் அந்த இடத்தைக் காட்டும் எண்களை, அறிவிப்பார். மற்றவர்கள் ஜிபிஎஸ் எனும் செய்மதி வழிகாட்டலோடு அதைத் தேடிப் பிடிப்பார்கள். இதுதான் ஜியோகேஷிங். 'ஜியோ' கிரேக்கத்தில் புவி. 'கேஷ்', ஒளித்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கத் தோல் வேட்டைக்காரர்கள் காட்டில் மறைத்துவைத்த உணவுக்கும் கருவிகளுக்கும் அதுவே பெயர். 'கேச்சிங்' என்று எழுதுவது உச்சரிப்புக்குப் பொருந்தாது.

ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2ஆம் திகதி நிறுத்தியது. மறுநாளே அந்நாட்டின் ஒறிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை மறைத்து ஆள்கூறுகளை வெளியிட்டார். பெயரை அந்த மாதக் கடைசியில் மாட் ஸ்டம் முன்வைத்தார்.

தமிழில் பலர் 'புதையல் வேட்டை' என்கிறார்கள். இலங்கையின் மலையகத்தில் இந்தப் பெயரைத் தயவுசெய்து தவிருங்கள். இங்கே அனுமதியின்றிப் புதையல் தோண்டுவது தொல்பொருட் சட்டப்படி குற்றம். பையோடு புதருக்குள் குனிந்து நிற்பவர் 'புதையல் தேடுகிறேன்' என்றால் ஊர் கூடிவிடும். விளையாட்டின் விதியும் நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதியின்றி மண்ணைத் தோண்டி வைப்பதை அனுமதிப்பதில்லை. 'பதுக்கல்' என்றால் அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும். 'ஒளிபொதி' வெளிச்சத்தோடு குழம்பும். ஆகவே பொருளுக்கு 'மறைபொதி', செயலுக்கு 'மறைபொதி தேடல்' என்பதே எங்கள் தெரிவு.

எல்ல என்னும் ஊரிலுள்ள சின்ன சிவனொளிபாதமலைக்குப் போவது போன்ற தேயிலை மலைப் பாதையை எடுத்துக்கொள்வோம். ஆள்கூற்றின் வடக்குப் பகுதி 6 பாகை 52.500 கலை என்றிருக்கும்; ஒரு பாகைக்கு 60 கலை. அதைக் கைத்தொலைபேசியில் 6.52500 பாகை என்று அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சரியான எண் 6.875, தவறினால் ஏறக்குறைய 39 கிலோமீற்றர் தெற்கே போய்விடுவீர்கள். கலையின் மூன்றாம் தசமம் ஒன்று மாறினால் வித்தியாசம் 1.8 மீற்றர்தான். ஆனால் பாறைச் சரிவில் சமிக்ஞை பட்டுத் தெறிப்பதால் புள்ளி பத்து மீற்றருக்கு மேலும் நகரலாம். கிட்டப் போனதும் சற்று நின்று, திரையை விட்டுக் கண்ணால் தேடுங்கள்.

மறைப்பவர் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெறவேண்டும். தேயிலைச் செடிக்குள் வைத்தால், செடியை வெட்டிவிடும் கவ்வாத்தில் போய்விடும். வடிகானுக்குள் வைத்தால் முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போகும். மண்ணைத் தாங்கும் கல்லணையில் இடம் பண்ணக் கல்லை உருவவே கூடாது, மண் சரிய அதுவே வழியாகும். இன்னொரு மறைபொதியிலிருந்து குறைந்தது 161 மீற்றர் தள்ளி வையுங்கள். உணவுப்பண்டம் போட்டால் குரங்கும் பன்றியும் கிளறும்.

மழைக்காலத்தில் அட்டைக்குக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு ஏறுங்கள். பொதியைக் கண்டதும் உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரும் திகதியும் எழுதி, மூடியின் இறப்பர் வளையத்தில் மணல் ஒட்டாமல் துடைத்து மூடி, எடுத்த இடத்திலேயே வைக்கவேண்டும். எழுதப் பென்சில் கொண்டுபோங்கள்; பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.