பி1 குழந்தைக்கு ரேங்க் கிடையாது

ஸ்காட்லாந்தில் பிரைமரி ஒன்றாம் வகுப்புக்கு (இங்கே பி1 என்போம்) நான் டீச்சர். பெற்றோர் சந்திப்புக்குத் தமிழ்க் குடும்பம் ஏதாவது வந்தால், முதல் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். "மிஸ், க்ளாஸ்ல இவ எத்தனாவது ரேங்க்?" ரேங்க் இல்லை என்று சொன்னால், எதையோ மறைக்கிறேன் என்பது போலப் பார்ப்பார்கள்.

உண்மையிலேயே இல்லை. நாலரையிலிருந்து ஐந்தரை வயதுக்குள் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் இவர்கள். நர்சரியில் தொடங்கும் 'ஏர்லி லெவல்' (எங்கள் பாடத்திட்டத்தின் முதல் படி) பெரும்பாலும் பி1 முடிவில் நிறைவடையும். ஒரு பிள்ளை அதை எட்டிவிட்டதா என்று ஜூன் மாதவாக்கில் தீர்மானிப்பது வகுப்பாசிரியர்தான். பி4, பி7 வகுப்புகளிலும் அப்படித்தான்.

எதை வைத்துத் தீர்மானிக்கிறோம்? இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணத் தெரிய வேண்டும் என்பது எங்கள் பட்டியலில் ஒன்று. ஒரு பெண்ணிடம் கேட்டேன், வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வகுப்பு மூலையில் இருக்கும் விளையாட்டுக் கடையில் உருளைக்கிழங்கை எடுத்து அடுக்கியபடி, "இருபது, பத்தொன்பது, பதினெட்டு..." என்று தமிழில் ஒன்று வரை இறங்கிவிட்டாள். உடனே ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். எனக்குத் தமிழ் தெரிந்ததால் ஆச்சு. இல்லாவிட்டால்? அதனால்தான், வீட்டில் பிள்ளை என்ன செய்கிறது, எந்த மொழியில் செய்கிறது என்று டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"அப்புறம் ஆன்லைன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்காமே?" இருக்கிறது, 2017 முதல். பி1-ல் எழுத்தறிவு, எண்ணறிவு இரண்டும் பார்ப்பார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லை, பாஸ் ஃபெயில் இல்லை. சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும், தடுமாறினால் எளிதாகும். எனவே "எத்தனை சரி" என்ற கணக்குக்கு அங்கே பொருளே இல்லை. போன வருடம் ஒரு பையன் நாய்ப் படம் வந்தபோதெல்லாம் அதையே தொட்டான். ஏன் என்றால், நாய்தான் அழகாக இருந்ததாம்!

இந்த டெஸ்டைச் சுற்றி அரசியலும் உண்டு. 2018 செப்டம்பரில் பி1 டெஸ்டை நிறுத்தச் சொல்லி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 63-க்கு 61 என வாக்களித்தது. அரசு தனி ஆய்வுக்கு விட்டது. சில திருத்தங்களோடு தொடரலாம் என்று 2019-ல் அறிக்கை வந்தது. என்னைக் கேட்டால், அந்த டெஸ்ட் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு முன்பே தெரிந்ததுதான். எப்போதாவது ஒரு பிள்ளையைப் பற்றி 'அட' என்று நினைக்க வைக்கும். அந்த அளவுக்குத்தான் அதற்கு மதிப்பு. இதற்காகப் பயிற்சிப் புத்தகம் வாங்கி ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

உருளைக்கிழங்குப் பெண்ணின் அம்மா அடுத்த வாரம் போனில் ஒரு வீடியோ காட்டினார். அம்மா இட்லித் தட்டை நீட்டியதும், குழிகளை விரலால் தொட்டு எண்ணாமலே "நாலு" என்கிறாள். எண்ணாமல் பார்த்ததும் சொல்வதும் எங்கள் பட்டியலில் உண்டு. அதையும் குறித்துக்கொண்டேன்.