சோஷியல் ஹிஸ்டரி: வாழ்நிலை வரலாறு

மனநலச் சிகிச்சைக்கு ஒருவரைச் சேர்க்கும்போது டாக்டர் மட்டும் பேசுவதில்லை. சோஷியல் ஒர்க்கரும் நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் உட்கார்ந்து பேசுவார். வீட்டில் யார் யார், என்ன வேலை, எதுவரை படிப்பு, கடன் உண்டா, குடி உண்டா, மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்றெல்லாம் கேட்பார். இப்படிக் கேட்டு எழுதும் பகுதிதான் சோஷியல் ஹிஸ்டரி. கேரளத்தில் மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ் ஆட்கள் இதையும் சேர்த்து 'கேஸ் ஹிஸ்டரி' என்றே சொல்லிவிடுவார்கள்.

ஹிஸ்டரிக்கு மூலம் 'ஹிஸ்டோரியா' என்ற கிரேக்கச் சொல். கேட்டு அறிதல் என்பதே அதன் பழைய பொருள். நடந்ததைச் சொல்லும் வரலாறு என்பது அப்புறம் வந்தது. ஒருவரின் வாழ்நிலையை முறையாக விசாரித்து எழுதும் வழக்கத்துக்கு 1917-இல் அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' நூல் அடித்தளம் போட்டது. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று 1977-இல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் எங்கல் வாதிட்ட பிறகு மனநல மருத்துவத்தில் இதற்கு மதிப்பு இன்னும் கூடியது.

தமிழில் 'சமூக வரலாறு', 'சமூகப் பின்னணி' என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் உறுத்துகின்றன. நம்மிடையே "நீங்க என்ன சமூகம்?" என்றால் சாதியைக் கேட்பதாகத்தான் பொருள். ஏற்கெனவே மிரண்டு போய் உட்கார்ந்திருப்பவரிடம் அந்தச் சொல்லோடு பேச்சைத் தொடங்கலாமா? 'விசாரணை' என்றாலோ போலீஸ் ஞாபகம் வந்துவிடும். 'வாழ்நிலை வரலாறு' பொருத்தம் என்பேன். வரல், ஆறு என்று பிரித்தால் வரலாறு என்பது வந்த வழி. வாழ்நிலை என்பதில் இன்றைய நிலைமையும் அடங்கிவிடுகிறது.

இது வெறும் படிவம் நிரப்பும் வேலை இல்லை. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய தேயிலைத் தொழிலாளி ஒருவர், "என்னை வீட்டை விட்டு வெரட்டப் பார்க்கிறாங்க, ராத்திரி தூக்கமே இல்லை" என்கிறார் என்று வையுங்கள். எஸ்டேட் வாழ்க்கை தெரியாதவர் இதை ஆதாரமில்லாத சந்தேகம் என்று எழுதிவிடக்கூடும். ஆனால் எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு, அதாவது வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால், குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அவர் பயத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அதற்குமேல் நோயும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வாழ்நிலை வரலாறு இல்லாமல் முடியாது.

தோட்டத் தொழிலாளியிடம் சொந்த ஊரைக் கேட்டால் தமிழ்நாட்டுக் கயத்தாறு என்பார், சங்கரன்கோவில் என்பார். பிறந்ததும் வளர்ந்ததும் மூணாறாகவே இருக்கும். முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டால் மூன்று தலைமுறையாக இங்கே வாழ்பவர் ஃபைலில் வெளியூர்க்காரர் ஆகிவிடுவார். ஆகவே அடுத்த கேள்வி, "அங்க இப்ப உங்களுக்கு யார் இருக்காங்க?" என்பதாக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனால் எங்கே போவார் என்பது இந்தப் பதிலில்தான் தெரியும்.

கூட வந்தவரைக் கேரள ஆஸ்பத்திரிகளில் 'பைஸ்டாண்டர்' என்பார்கள். அதற்குத் தமிழில் அருமையான பழஞ்சொல் உண்டு: உழைச்செல்வான், பக்கத்தில் இருந்து கவனிப்பவர். உற்றவன் (நோயாளி), தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து என்பவற்றோடு நான்காவதாக அவரையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது குறள் (950). வாழ்நிலை வரலாற்றில் பாதி அவர் வாயிலிருந்துதான் வரும். ஆனாலும் நோயாளி சொல்வதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். அடிப்பவரே கூட வந்திருக்கவும் கூடும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் எந்த மதம், இனம் என்று பார்த்தோ மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. திரட்டும் விவரம் அவருக்கு உதவி செய்வதற்கு மட்டுமே.

ஃபைலில் 'வாழ்நிலை வரலாறு' என்று எழுதலாம். நேரில் கேட்கும்போது அதுவும் வேண்டாம். "வீட்டு நிலவரம் எப்படி இருக்கு, கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்று ஆரம்பித்தால் போதும்.