பழைய ஃபுல் ஃப்ரேம் கேமரா: மாடலைக் கேட்கும் முன் அது பார்த்த வேலையைக் கேளுங்கள்

2018-ல் கேனனும் நிக்கானும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவுக்கு மாறிய பிறகு, அதுவரை கல்யாண மண்டபங்களில் உழைத்த, கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர்கள் ஒவ்வொன்றாகக் கைமாறத் தொடங்கின. 1டி எக்ஸ் மார்க் 3-க்கு மேல் இனி அந்த வரிசையில் டிஎஸ்எல்ஆர் வராது என்று 2021 கடைசியில் கேனனே சொல்லிவிட்டது. ஒரு காலத்தில் லட்சங்களில் விற்ற பாடிகள் (லென்ஸ் சேராத கேமரா) இன்று மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் புதிதாகத் தொழில் தொடங்கும் பையன்களின் கைக்கு எட்டுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் என் சர்வீஸ் மேஜைக்கு அவை வந்து சேரும் நேரம் பெரும்பாலும் தவறானது. பணத்தைக் கொடுத்துவிட்டு, முதல் ஆர்டரையும் எடுத்துவிட்டு, படத்தில் ஏதோ கோடு விழுகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வாங்கும் முன்பே வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணாச்சி, கேனன் 5டி மார்க் 3 எடுக்கவா, நிக்கான் டி750 எடுக்கவா?" இரண்டும் நல்ல கேமராதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. விற்கிறவர் யார், அவர் இதை வைத்து என்ன வேலை பார்த்தார்?

அதற்கு முன் இன்னொன்று. ஃபுல் ஃப்ரேம் உங்களுக்கு வேண்டுமா என்பதையே யோசித்துக்கொள்ளுங்கள். அதன் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு, 36-க்கு 24 மில்லிமீட்டர். கேனனின் சிறிய சென்சாரைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு பரப்பு. வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் அந்தப் பரப்பின் பயன் தெரியும். மாதுங்கா பக்கத்துக் கோவில்களில் ஃப்ளாஷ் போடக்கூடாது என்பார்கள். சந்நிதிக்குள் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை வாங்கும் திறன்) 6400-ல் வைத்தால்தான் முகம் தெரியும். அங்கே இது கைகொடுக்கும். ஆனால் பகலில் வெட்டவெளியில் பிறந்தநாளும் காதுகுத்தும் எடுப்பவருக்கு, அந்தக் காசுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்குவதே லாபம். கையில் இருக்கும் பழைய லென்ஸ்களையும் கணக்கில் எடுங்கள். கேனனின் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டவே மாட்டாது. நிக்கானின் டிஎக்ஸ் லென்ஸ் மாட்டும். ஆனால் நடுப்பகுதி மட்டுமே பதிவாகி, 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கிவிடும்.

இனி ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை அடித்தது என்ற எண். "வெறும் இருபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று விற்பவர் சொன்னதும் பாதிப்பேர் பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள். 5டி மார்க் 2, மார்க் 3, மார்க் 4, டி700, டி610, டி750 எல்லாவற்றுக்கும் ஷட்டர் ஆயுள் ஒன்றரை லட்சம் கிளிக் என்பது கம்பெனிக் கணக்கு. 6டி-க்கு ஒரு லட்சம், டி810-க்கு இரண்டு லட்சம், 1டி எக்ஸுக்கு நான்கு லட்சம். இது சோதனைக்கூடத்து அளவு, உத்தரவாதம் இல்லை. எழுபதாயிரத்தில் படுத்த ஷட்டரும் உண்டு, இரண்டரை லட்சம் தாண்டி ஓடுவதும் உண்டு.

அந்த எண் சொல்லாமல் விடுவதுதான் முக்கியம். டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே போய், ஷட்டர் திறந்தபடியே நிற்கும். அரை மணி நேர வீடியோவுக்கு விழுவது ஒன்றிரண்டு கிளிக்தான். அந்த அரை மணி நேரமும் சென்சாரும் போர்டும் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். ஆகவே மூன்று வருடம் கல்யாண வீடியோ மட்டுமே எடுத்த 5டி மார்க் 3-ல் கவுண்ட் இருபதாயிரம் காட்டினால் ஆச்சரியமில்லை. மிரர்லெஸ்ஸில் எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவையும் அந்தக் கணக்கில் வராது. மெயின் போர்டை மாற்றியிருந்தால் எண்ணிக்கையே புதிதாகத் தொடங்கியிருக்கலாம். மீட்டரை மட்டும் பார்த்து பழைய டாக்ஸி வாங்குவது போலத்தான் இது.

எண்ணை எப்படிப் பார்ப்பது? நிக்கானில் சுலபம்: அங்கேயே எடுத்த ஒரு ஜேபெக் படத்தின் உள்தகவலில் பதிவாகியிருக்கும். 5டி, 6டி வரிசைப் படங்களில் இருக்காது. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில்தான் படிக்க வேண்டும். படத்தின் பெயரில் வரும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது 9999 போனதும் மறுபடி 0001-லிருந்து ஆரம்பிக்கும்.

வீடியோவில் அடிபட்ட கேமராவைக் கண்ணாலேயே பிடிக்கலாம். அடிப்பக்கம் ட்ரைபாட் தட்டு சுற்றிச் சுற்றி உரசிய வட்டத் தழும்பு இருக்கும். எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகி லேசாக அசைத்தால் படம் போய் வரும். மைக் மாட்டி மாட்டி, கேமராவின் தலையில் இருக்கும் ஹாட் ஷூவின் கறுப்புப் பெயின்ட் உரிந்து வெறும் உலோகம் தெரியும். ஸ்டிக்கர் பிய்த்த கோந்துக் கறை, கீறி எழுதிய நம்பர், இவையெல்லாம் அந்தேரி பக்கம் வாடகைக்கு ஓடிய பாடி என்பதற்கு அடையாளம். வாடகைப் பாடி கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதற்கேற்ற விலைக்கு வாங்குங்கள் என்கிறேன்.

அடுத்தது லேசர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அது அவ்வளவு நடக்கிறது. சங்கீத் மேடை, டிஜே, கணபதி விசர்ஜன ஊர்வலம், எங்கே பார்த்தாலும் லேசர் விளக்கு. அந்தக் கதிர் லென்ஸ் வழியாக நேரே சென்சாரில் விழுந்தால் ஒரு நொடி போதும், அந்த இடத்துப் பிக்சல்கள் வெந்துவிடும். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து குறுக்காகவோ நெடுக்காகவோ ஒரு நிறக்கோடு. துடைத்தால் போகாது. சென்சாரையே மாற்ற வேண்டும். பழைய பாடிக்கு அந்தச் செலவு செய்வதைவிட இன்னொரு பாடி வாங்கிவிடலாம். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து ஃபோட்டோ எடுக்கும் வரை கண்ணாடியும் ஷட்டரும் சென்சாரை மறைத்திருக்கும். லைவ் வியூவிலும் (பின் திரையைப் பார்த்து எடுப்பது) வீடியோவிலும்தான் ஆபத்து. மிரர்லெஸ்ஸில் கேமரா ஆனில் இருக்கும் நேரமெல்லாம் சென்சார் திறந்தே கிடக்கிறது. அதனால் கல்யாண வீடியோக்காரரிடமிருந்து வரும் சோனியைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான்.

கண்டுபிடிக்க இரண்டு படம் போதும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/16 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம். லென்ஸை மூடி போட்டு மூடி, ஐஎஸ்ஓ 3200-ல் சில நொடிகளுக்கு இன்னொரு படம். இரண்டையும் லேப்டாப்பில் முழு அளவில் மூலைக்கு மூலை பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் தெரியாது. முதல் படத்தில் மங்கலான வட்டங்கள் தெரிந்தால் தூசு, சுத்தம் செய்தால் போய்விடும். கருத்த ஓரத்தோடு சின்னச் சின்னத் துளிகள் என்றால் எண்ணெய். நேர்கோடு தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பற்றி இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைத்த கேமரா, உபயோகித்த கேமராவைவிட மோசமாக இருக்கும். "வீட்டிலேயே இருந்தது, எடுக்கவே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு உடனே ஃபங்கஸ் ஞாபகம்தான் வரும். செல்ஃபோன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போல் வெள்ளை இழைகள் தெரிந்தால் அதுதான். லென்ஸின் மேற்பூச்சை அரித்திருந்தால் சுத்தம் செய்த பிறகும் தழும்பு நிற்கும். வியூஃபைண்டருக்குள் இருக்கும் பூஞ்சை படத்தில் வராது என்பது உண்மை; ஆனால் அங்கே வளர்ந்தது வேறெங்கும் வளரவில்லை என்று எப்படி நம்புவது?

கடற்கரை ப்ரீ-வெட்டிங் வேலை பார்த்த பாடிகளில் உப்பு. ஜுஹுவிலும் வெர்சோவாவிலும் அலைச்சாரலில் நின்றவை. பேட்டரி அறையின் செப்புத் தகடுகளில் பச்சை படிந்திருக்கிறதா, அடிப்பக்க ஸ்குரூக்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்குரூ தலை சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்பதற்குப் பதில் வேண்டும். மோட் டயலைச் சுற்றி மஞ்சளோ குலால் வண்ணப்பொடியோ ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், நம் வேலையில் அது சகஜம்; டயல் கரகரவென்று சுற்றினால் மட்டும் யோசியுங்கள்.

மாடல்களுக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடித்தது பிடிக்காதது கலந்துதான் இருக்கும்.

முதல் 5டி, 2005-ல் வந்தது. படம் இன்றும் அழகு. ஆனால் கண்ணாடியை ஒட்டிய பசை விட்டு, கண்ணாடியே கழன்று விழும் கோளாறு அதில் ஊரறிந்தது. தொழிலுக்கு வேண்டாம். 5டி மார்க் 2-ன் 21 மெகாபிக்சல் போதுமானது. ஃபோகஸ் ஒன்பது புள்ளிதான், நடுப்புள்ளியைத் தவிர மற்றவை இருட்டில் தடுமாறும். நிழலை எடிட்டிங்கில் வெளிச்சமாகத் தூக்கினால் கோடு கோடாகத் தெரியும். 6டி அமைதியான கேமரா. நடுப்புள்ளி இருட்டிலும் பிடிக்கும், விலையும் குறைவு. கோவில், போர்ட்ரெய்ட், சொந்த ஆசைக்கு என்றால் நான் கைகாட்டுவது அதைத்தான். ஆனால் ஒரே ஒரு கார்டு. தாலி கட்டும் நேரத்தில் கார்டு போனால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. தனி ஆளாகக் கல்யாணம் எடுப்பவர் இரண்டு கார்டு போடும் பாடிக்கே போக வேண்டும்: 5டி மார்க் 3, டி610, டி750, டி810.

இவற்றில் டி750 மேல் எனக்கு ஓரவஞ்சனை உண்டு. 2014-ல் வந்தது, இருட்டில் ஃபோகஸ் பிடிப்பு நன்று, நிழலைத் தூக்கினாலும் படம் தாங்கும். ஒரு எச்சரிக்கை: ஆரம்பகாலத்தில் வந்த சிலவற்றில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி நிழலடிக்கலாம் என்று 2015-ல் நிக்கானே அறிவித்தது. சீரியல் நம்பரை வைத்து அந்த வரிசையில் வருகிறதா, ஷட்டர் மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். டி600-ல் சென்சாரில் எண்ணெய்த் துளி விழும் பிரச்சினை. 2014-ல் இலவசமாகவே ஷட்டர் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய டி600 மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

டி700 பற்றி நிறையப் பேர் உருகுவார்கள். உடம்பு இரும்புதான், மறுக்கவில்லை. ஆனால் 12 மெகாபிக்சல். நம் ஆட்கள் போடுவது 12-க்கு 36 அங்குல ஆல்பம். டி700 படத்தின் அகலம் 4256 பிக்சல். 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 118 பிக்சல்தான் வரும், அதிலும் கொஞ்சம் வெட்டினால் இன்னும் குறையும். டி750-ல் 167, டி810-ல் 204. வீடியோவும் டி700-ல் கிடையாது. 1டி எக்ஸ், டி3 மாதிரிப் பெரிய பாடிகள் விலை இறங்கியதைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு: பாடி மட்டுமே ஒன்றேகால் கிலோவுக்கு மேல், தனிப் பேட்டரி, உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். பத்திரிகைக்காரர்கள் கையில் வாழ்ந்தவை அவை, ஓய்வாக இருந்திருக்காது.

சோனியில் பழைய ஏ7, ஏ7 மார்க் 2 விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டே முகூர்த்தம் முடிந்துவிடும். 2018-ல் வந்த ஏ7 மார்க் 3 வேறு ரகம்: பெரிய பேட்டரி, இரண்டு கார்டு, உருப்படியான ஃபோகஸ். காசு எட்டினால் அது சரி, லென்ஸ் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

கடையில் நின்று செய்ய வேண்டிய மற்றவை சீக்கிரம் முடியும். சிஎஃப் கார்டு போடும் பாடி என்றால், கார்டைச் செருகும் முன் டார்ச் அடித்து உள்ளே ஊசிகள் வளைந்திருக்கிறதா பாருங்கள். ஒரே வெளிச்சமான சுவரை அதிகபட்ச வேகத்தில், 1/8000 அல்லது 1/4000-ல், பத்துப் படம் எடுங்கள். ஏதாவது ஒன்றில் ஒரு பக்கம் கறுத்தால் ஷட்டர் சோர்ந்துவிட்டது. பேட்டரியின் நிலையைப் பல பாடிகளில் மெனுவிலேயே காட்டும். கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரும் படத்தின் உள்தகவலில் வரும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு ஒன்று, உயிர் ஒன்று.

பில் இல்லாத கேமராவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். காணாமல் போன செல்ஃபோனை முடக்க அரசாங்க இணையதளம் இருக்கிறது. கேமராவுக்கு அப்படி இல்லை. போரா பஜாரில் கடை வைத்திருப்பவரிடம் வாங்கினால் சீரியல் நம்பர் எழுதிய ரசீது கேளுங்கள். தனி ஆளிடம் வாங்கினால் அவருடைய பழைய பில்லின் நகலோடு, விற்றதாகக் கையெழுத்திட்ட ஒரு தாளும், அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பிரிப்பதில் என் கணக்கு இது. கையில் இருப்பதில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக்கூடாது. மீதியில் ஒரு 85 எஃப்/1.8 அல்லது 50 எஃப்/1.8 லென்ஸ், இரண்டு நல்ல கார்டு, கம்பெனி பேட்டரி ஒன்று கூடுதலாக. அதன் பிறகும் ஷட்டர் மாற்றும் அளவுக்கு ஒரு தொகையைத் தனியே வைத்திருங்கள். அது மிஞ்சாது என்றால் நீங்கள் பார்த்துவைத்த மாடலிலிருந்து ஒரு படி இறங்குங்கள். மழை தொடங்கும் முன் ஈரத்தை 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தும் ட்ரை கேபினட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறியதும் மாற்ற மறக்காதீர்கள்.